மேழியில் பூட்டிய விரல்கள்

என் நோய் வேலையின் முதல் ஐந்து நிமிடங்களில் வருவது. மாடிப்படி ஏறத் தொடங்கினால் பன்னிரண்டாம் படிக்குள் தொடை இறுகும். ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி நடந்தால் கிணற்றடிக்கும் கொல்லைப்புறத்துக்கும் நடுவில் முன்கை பூட்டிக்கொள்ளும். பிடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் அழுந்தாது. சதை இருந்த இடத்தில் மரக்கட்டை இருப்பதைப் போலிருக்கும். அப்போது நின்றுவிட வேண்டும். நின்று, அது இளகும்வரை பொறுத்து, மறுபடி மெல்லத் தொடங்கினால், எட்டுப் பத்து நிமிடங்களில் அதே கால்கள் அதே வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். நிற்காமல் வீம்புக்குத் தொடர்ந்தால் அதற்கான தண்டனை நாள் கணக்கில் நீளும்.

இதை எனக்குப் பெயர் சொல்லி விளக்கிய மருத்துவர் நான் நாற்பத்தெட்டு வயதில் சந்தித்தவர். லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்றார். ஆனால் அதன் நடைமுறையை முதலில் கண்டுகொண்டவள் என் அக்கா. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினைந்து. போன மாசி மாதம் அவள் இறந்துபோனாள். இந்தக் குறிப்பை அவளுக்காக எழுதுகிறேன் என்று சொல்வது மிகையாகும். அவள் இருந்தபோதே எழுதியிருக்க வேண்டியது இது.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை ஒட்டி எங்கள் ஊர். அப்பா பத்து மா நிலம், ஏறத்தாழ மூன்று ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தார். அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். நாற்றுப் பறித்த நாளில், கட்டுகளை வயலுக்குச் சுமந்து போடும் வேலை சிறுவர்களுடையது. இரண்டாவது நடையிலேயே நான் வரப்பில் உட்கார்ந்துவிடுவேன். என் வயதுப் பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாகப் போய் வருவார்கள். அப்பா வாழ்நாளில் என்னை அடித்தது இரண்டு முறை, இரண்டும் இதற்காக. சோம்பேறித்தனம் என்பதைத் தவிர வேறு சொல் அவரிடம் இல்லை. வேறு யாரிடமும் இருக்கவில்லை.

அக்காதான் கவனித்தாள். உட்கார்ந்து எழுந்த பிறகு நான் சுமந்தால் விழாமல் வருகிறேன் என்பதையும், உட்காரவிடாமல் விரட்டிய நாளில் இரவெல்லாம் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்பதையும் அவள் சேர்த்துப் பார்த்தாள். வலிக்கு அவள் பெயர் வைக்கவில்லை. "அது" என்றே சொன்னாள். "அது வந்துடுச்சா? நில்லு. போனப்புறம் போவலாம்." வீட்டுக்கு வரும் கொஞ்சம் கோபக்கார உறவினரைப் பற்றிப் பேசுவதைப் போல, பயமில்லாமல், மரியாதை குறையாமல் பேசினாள். அது போவதற்குள் அவள் எனக்குச் சினிமாக் கதை சொல்வாள். ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகையில் படம் ஓடும். அவள் எதையும் ஒரு முறைதான் பார்த்திருப்பாள், ஆனால் வசனம் தவறாமல் சொல்வாள். தொடையில் பிடித்தால் இடைவேளை வரை, கையில் பிடித்தால் முதல் பாட்டு வரை. இன்று வலி எத்தனை நிமிடம் என்று மருத்துவர்கள் கேட்கும்போது என் மனம் முதலில் அந்த அளவையில்தான் கணக்கிடுகிறது. பிறகுதான் நிமிடமாக மாற்றிச் சொல்கிறேன்.

எனக்குப் பதினேழு வயதானபோது அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தார். நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்திருந்தேன். அக்காவுக்கு இருபத்துமூன்று. வீட்டில் நாங்கள் இருவர், ஒரு ஜோடி மாடு, அந்தப் பத்து மா.

அறுபத்தேழில் ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. தேநீர்க் கடையில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் நடுநடுவே அவரை நிறுத்தி விவாதிப்பார்கள். ஒரு தெருவில் ஆட்சிக் கட்சியின் கொடி, அடுத்த தெருவில் செங்கொடி. கிழக்கே கீழத்தஞ்சையிலிருந்து கூலித் தகராறும் அதைவிடக் கொடிய செய்திகளும் வந்துகொண்டிருந்தன. அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள் என்று ஒரு ஊரில் வேலைநிறுத்தம், இன்னொரு ஊரில் வரப்போரமாகப் போலீஸ் வேன். குத்தகைக்காரர்களைப் பதிவு செய்ய வேண்டும், பதிவானவர்களை எளிதில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. அதனாலேயே, பதிவாவதற்கு முன் வெளியேற்றிவிட வேண்டும் என்ற அவசரமும் பல இடங்களில் வந்திருந்தது.

எங்கள் நிலத்துக்கு உரிமையாளர்கள் சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்ட ஒரு குடும்பத்தார். அவர்களுக்காக ஊரில் ஒரு காரியஸ்தர் இருந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். சைக்கிளில் குடையை மாட்டிக்கொண்டு வருவார். அப்பா இறந்தபோது சுடுகாடு வரை வந்தார். பதினாறாம் நாள் கழிந்ததும், நிலத்தை விட்டுவிடும்படி நயமாகச் சொன்னார். ஆண் துணை இல்லாத வீடு, பையன் படிக்கிற பையன், எதற்கு இந்தப் பாரம் என்றார். அக்கா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, தம்பி உழுவான் என்றாள்.

தம்பியால் உழ முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கூலிக்கு ஆள் வைத்து உழுதால், சொந்தமாகச் சாகுபடி செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆக, மீதியிருந்த ஒரே வழி அவள்தான்.

நடவும் களையும் பெண்களின் வேலை. அவற்றைச் செய்ய யாரும் தடை சொல்லப் போவதில்லை. ஆனால் ஏரின் கைப்பிடியான மேழியைப் பெண் தொடக் கூடாது. தொட்டால் மழை மறுக்கும் என்பார்கள். எதற்கு, எப்படி என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் வராத அளவுக்கு அது உறுதியான வழக்கம். எங்கள் வயலில் எட்டு மா, வாய்க்கால் கரையின் தாழம்புதருக்கும் மூங்கிலுக்கும் பின்னால், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் இருந்தது. அதுவே எங்களுக்குக் கிடைத்த மறைவு. கிழக்கு வெளுக்கும்போது அக்கா அப்பாவின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏரில் இறங்குவாள். நான் தண்ணீர் பாயும் மடையின் அருகில், பாதை தெரியும்படி உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்தால் இருமுவேன். அவள் மேழியை விட்டுவிட்டுக் கூடையை எடுத்து வரப்பேறுவாள். நான் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி ஏரைப் பிடிப்பேன்.

இந்த ஏற்பாட்டின் பெரிய எதிரி ஒரு பால்காரர். சங்கத்துக்குப் பால் கொண்டுபோகிறவர். மிகவும் நல்லவர், பேச்சுப் பிரியர். வரப்பில் பால் தூக்கை வைத்துவிட்டு, மழை, தேர்தல், தன் மருமகளின் குணம் எல்லாவற்றையும் பேசுவார். அத்தனை நேரமும் நான் உழுதாக வேண்டும். மூன்றாம் சுற்றில் அது வந்துவிடும். அவர் பேச்சுக்குப் பதில் சொல்வதைப் போல ஏரை நிறுத்துவேன். பதிலை இழுத்து இழுத்துச் சொல்வேன். அக்கா வரப்பில் குனிந்து புல்லறுப்பதைப் போலச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள். அவர் போனதும், "மருமவள பத்தி இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா உனக்கு முழுசா சரியாயிருக்கும்டா" என்பாள்.

பக்கத்து வயலைச் சாகுபடி செய்தவரை நாங்கள் சித்தப்பா என்று அழைப்போம். உறவு முறை அல்ல, ஊர் முறை. அவர் வயலுக்குப் போகும் தண்ணீரும் எங்கள் மடையைத் தாண்டியே போக வேண்டும். நான் நாள்தோறும் மடையில் குந்தியிருப்பதைப் பார்த்து, தன் முறைத் தண்ணீரை நான் திருப்புகிறேன் என்று முதலில் சந்தேகப்பட்டார். ஒருநாள் கம்புடன் வந்து நின்றவர், சேற்றில் மேழியுடன் அக்காவைப் பார்த்தார். இருமுவதற்கு எனக்கு நேரமிருக்கவில்லை. கம்பைத் தாழ்த்தினார். பிறகு என்னிடம், "மடைக்குக் காவலா இருக்கியா தம்பி? பேசாம அதுக்கே ஒரு தாலியக் கட்டிரு" என்று சொல்லிவிட்டுத் தன் வயலுக்குப் போனார். அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றியோ ஏரைப் பற்றியோ அவர் எங்கும் பேசியதாக எங்கள் காதுக்கு வரவில்லை.

அந்த ஒரு பருவத்தை நான் ஏக்கத்துடன் நினைத்துக்கொள்கிறேன். ஊரை அல்ல, ஊர் எனக்கு அவ்வளவு இதமாக இருந்ததில்லை. உழுது முடித்து மாடுகளை வாய்க்காலில் இறக்கிவிட்டு, மூங்கில் நிழலில் பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்போம். பால்காரருக்காக நான் உழுத நாள் என்றால், அக்கா வெயிலில் காய்ந்த மணலைத் துணியில் முடிந்து என் முன்கையில் ஒற்றுவாள். அவள் உள்ளங்கையில் மேழி உரசிய கொப்புளங்கள் இருக்கும். அவற்றைக் காட்டி, உனக்கு உள்ளே, எனக்கு வெளியே என்பாள். வலியைப் பற்றிப் பிற்காலத்தில் நான் நிறையப் படித்தேன். வலி தனிமைப்படுத்துவது என்று படித்தபோதெல்லாம், எனக்கு அது வெகுகாலம் கழித்துத்தான் அப்படி ஆனது என்று எண்ணிக்கொள்வேன்.

ஆவணியில் குத்தகைப் பதிவு விசாரணைக்கு அதிகாரி வந்தார். காரியஸ்தர் மனுக் கொடுத்திருந்தார்: குத்தகைக்காரர் இறந்துவிட்டார், அந்த வீட்டில் யாரும் வயலில் உடலால் உழைப்பதில்லை, ஆகவே பதிவு செய்யக் கூடாது. அதிகாரி நடுவயதுக்காரர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர், களைத்துப் போயிருந்தார். அன்றைக்கு அது அவருக்கு நான்காவது ஊர். பாதையோரத்து இரண்டு மா வயலருகே, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஊர்க்காரர்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். பதிவாகாவிட்டால் அடுத்த அறுப்போடு நிலம் போய்விடும் என்பதும், நிலம் போனால் எங்களுக்கு அந்த ஊரில் ஒன்றும் இல்லை என்பதும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரி அக்காவைப் பார்த்து, யாரம்மா உழுகிறது என்று கேட்டார்.

"தம்பிதாங்க. எல்லா வேலையும் தம்பிதான்."

காரியஸ்தர் கோபப்படவில்லை, சிரித்தார். "சார், இந்தப் பிள்ளை ஏர் பிடிச்சு நான் பாத்ததே இல்ல. எப்பப் பாத்தாலும் மடையில குந்திக்கிட்டு இருக்கும், மிராசுதார் வீட்டுப் பிள்ளை மாதிரி. நான் சொல்றது பொய்யின்னா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

அதிகாரி சித்தப்பாவை அழைத்துக் கேட்டார். சித்தப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இவுங்க வயலு தரிசா கெடந்து நான் பாத்ததில்லைங்க. ஏரு ஓடுது."

"யார் ஓட்டுறாங்கன்னு கேக்குறேன்."

"என் வயல ஓட்டவே எனக்கு நேரம் பத்தலைங்க."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் காரியஸ்தர் விடவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். ஒட்டடைக் குச்சியைப் போலிருந்த என் கைகளையும் பார்த்திருக்க வேண்டும். "சரி, ரெண்டு மூணு சுத்து ஓட்டுப்பா, பாப்போம்" என்றார்.

செவலை மாட்டையும் அதன் ஜோடியையும் பூட்டி இறங்கினேன். முதல் சுற்று நன்றாகவே போனது. பால்காரரின் புண்ணியத்தில் ஏர் பிடிக்கவாவது கற்றிருந்தேன். இரண்டாம் சுற்றில் தொடை கனத்தது. மூன்றாம் சுற்றின் திருப்பத்தில் வலது முன்கை இறுகத் தொடங்கி, வயலின் நடுப்பகுதிக்கு வந்தபோது விரல்கள் மேழியின் மேல் பூட்டிக்கொண்டன. நான் மேழியைப் பிடித்திருக்கவில்லை. விட முடியாமல் இருந்தேன். மாடுகள் என்னை இழுத்துக்கொண்டு நடந்தன. இன்னும் பத்தடி போனால் முகங்குப்புற விழுவேன், அதோடு எல்லாம் முடிந்தது என்று மிகத் தெளிவாக எண்ணியது நினைவிருக்கிறது.

"நிறுத்துடா, நிறுத்து. செவலை ஒண்ணுக்கு விடப் பாக்குது, தெரியலையா?"

வரப்பிலிருந்து அக்காவின் குரல். ஏரில் பூட்டிய மாடு சிறுநீர் கழிக்க நின்றால் அதை விரட்டக் கூடாது. முடிக்கும்வரை ஏர் நிற்க வேண்டும். எத்தனை அவசரக்காரனும் அதை மீற மாட்டான். மாடுகள் அவள் குரலுக்குப் பழகியவை. அவள் குரல் கேட்டதும் நின்றன. செவலை வாலைக் கூடத் தூக்கவில்லை. கூட்டம் முழுவதும் செவலையின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் மாட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பவனைப் போல மேழியில் சாய்ந்து நின்றேன்.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காரியஸ்தர் பொறுமையிழந்தார். "என்னம்மா, உங்க மாடு காவேரியவா உள்ள வச்சிருக்கு?"

"காலையில தண்ணி நெறைய குடிச்சுதுங்கய்யா. அது சின்னப் பிள்ளை மாதிரி. நாம பாத்துக்கிட்டே நின்னா வெக்கப்படும்." சொல்லிக்கொண்டே அவள் செம்பில் நீர்மோரை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனாள். வெயிலில் வந்திருக்கிறீர்கள், மாடு முடிப்பதற்குள் குடித்துவிடுங்கள் என்றாள். அவர் குடித்தார். இன்னொரு செம்பு வேண்டுமா என்று கேட்டாள். அவருடன் வந்த உதவியாளருக்கும் கொடுத்தாள். பிறகு காரியஸ்தருக்கும் கொடுத்தாள். அவரால் மறுக்க முடியவில்லை. என் விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. அவள் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனால் நான் தோளை நிமிர்த்திய கணத்தில், "போதும், இனிமே விடாது. ஓட்டு" என்றாள்.

ஓட்டினேன். எட்டுப் பத்து நிமிடத்துக்குப் பிறகு வரும் அந்த இரண்டாவது உடம்பு வந்திருந்தது. நான்கு, ஐந்து, ஆறு சுற்றுகள். அதிகாரி போதும் என்று கையசைத்ததை நான் பார்க்கவில்லை என்று பிறகு சொன்னேன்; உண்மையில் பார்த்தேன். நின்றால் எல்லோர் முன்னிலையிலும் மறுபடி பூட்டிக்கொள்ளும் என்ற பயத்தில், அவர்கள் எழுந்து பாதையேறி மறையும்வரை உழுதேன். பதினேழு வயதின் வீம்பும் அதில் இருந்தது.

அன்று மாலை என் சிறுநீர் கடுங்காபியின் நிறத்தில் போனது. தொடைகள் வீங்கி, தொட்டால் தாங்க முடியாமல் ஆயின. பதினோரு நாள் படுத்துக்கிடந்தேன். தசை உடைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியே வெளியேறியிருக்கிறது, அன்றே உயிர் போயிருக்கலாம் என்று முப்பது ஆண்டு கழித்து மருத்துவர் சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. அக்கா ஊரில் காய்ச்சல் என்று சொன்னாள். எனக்குக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நிறம் வெளுக்கும்வரை குடி என்றாள். தன்னை அறியாமல் அவள் செய்த அதுவே சரியான சிகிச்சை. பாதையோரத்து வயலின் மிச்சத்தை அவள் எப்போது உழுதாள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து நடந்தபோது நடவாகியிருந்தது.

தை பிறந்த பிறகு பதிவு உத்தரவின் நகல் வந்தது. அப்பாவின் மகனாகிய நான், மேற்படி நிலத்தைச் சொந்த உடலுழைப்பால் சாகுபடி செய்துவருவது விசாரணையில் தெரியவருகிறது என்று எழுதியிருந்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் அவள். தாளை வாங்கி என் பெயரின் மேல் விரலை வைத்து ஒருமுறை தானே படித்தாள். பிறகு மடித்துத் தகரப்பெட்டிக்குள் வைத்தாள்.

நிலம் நிலைத்ததால் நான் படிக்கப் போக முடிந்தது. அரசாங்கக் கல்லூரி, விடுதி, உதவித்தொகை, பிறகு வரலாற்றுத் துறையில் விரிவுரையாளர் வேலை. அக்கா பத்து மாவையும் பார்த்துக்கொண்டாள். அவளைக் கேட்டு வந்த சம்பந்தங்களை நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளினோம். பிறகு வருவது நின்றுவிட்டது. எல்லாத் தாள்களிலும் சாகுபடி செய்பவன் நான். பின்னாளில் உரிமையாளர் குடும்பம் விற்க முன்வந்தபோது, பதிவு பெற்ற குத்தகைக்காரன் என்ற முறையில் நிலம் என் பெயருக்கே வந்தது. மூட்டு தேய்ந்து வயலுக்கு இறங்க முடியாமல் போனபோது அவள் தஞ்சாவூரில் என் குடும்பத்துடன் வந்து சேர்ந்தாள்.

நோய்க்குப் பெயர் தெரிந்த வாரத்தில் அதை அவளுக்கு விளக்கினேன். தொடையிலிருந்து ஒரு துணுக்குச் சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். தசைக்குள் சர்க்கரை சேமிப்பாக இருக்கிறது, தேவைப்படும்போது அதை எடுத்துக்கொடுக்கும் பொருள் மட்டும் என் உடம்பில் பிறவியிலேயே இல்லை என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது, கீழே நெல் எடுக்கும் வாய் மட்டும் திறக்காது; வெளியிலிருந்து நெல் வந்து சேரும்வரை உலை காத்திருக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பத்து நிமிடம் என்றேன். இது விளங்கியது.

"அப்ப நீ சோம்பேறி இல்லைன்னு அப்பாகிட்ட யாரு போயி சொல்றது?"

நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எனக்குப் பல மாதங்கள் ஆயின. டெல்டாவின் நில உறவுகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்த அந்தக் குத்தகைச் சட்டத்தை முதன்முறையாக முழுமையாகப் படித்தேன். அதுவரை படிக்காதது ஒரு வரலாற்று ஆசிரியனுக்கு அழகல்ல. சாகுபடிக் குத்தகைதாரர் யார் என்பதற்கு அதில் விளக்கம் இருந்தது. தன் உடலுழைப்பைத் தருபவர், அல்லது தன் குடும்பத்தில் எவருடைய உடலுழைப்பையேனும் கொண்டு சாகுபடி செய்பவர். அல்லது என்ற சொல்லுக்குப் பின் வந்த பகுதியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அன்று அக்கா, நான்தான் உழுகிறேன் என்று சொல்லியிருந்தால் போதும். என் வீட்டுப் பெண் உழுவதே சட்டத்தின் கண்ணில் நான் உழுததற்குச் சமம். நாங்கள் எந்த அதிகாரியிடமிருந்து மறைத்தோமோ அவருக்கு அந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது. ஊரும் நாங்களும் ஒரு வழக்கத்துக்கு அஞ்சி, இல்லாத ஒரு விதியை இருப்பதாக நம்பியிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு ஆய்வதை நிறுத்தவில்லை.

"சட்டத்துல இருக்கும்டா. நான் சொல்லியிருந்தா அவரு எழுதியிருப்பாரா? பொம்பளை ஏரு புடிச்சான்னு அத்தனை பேருக்கு முன்னால சொன்னா, அந்த வருசம் மழை கொறைஞ்சதுக்கு என்னைத்தானே கேப்பாங்க."

கீரைக் காம்புகளை ஒதுக்கிக்கொண்டே மேலும் சொன்னாள்: "ஒண்ணு மட்டும். அந்தப் பதினோரு நாளு ஒனக்கு மிச்சமாயிருக்கும்."

அவள் தன் பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நிலத்தில் ஒரு பாதியை அவள் பெயருக்கு எழுத வேண்டும் என்று அன்று தீர்மானித்தேன். ஒருமுறை பேச்சும் எடுத்தேன். இந்த வயசுல எனக்கு எதுக்கு, ஆபீசுக்கெல்லாம் என்னால ஏறி இறங்க முடியாது என்றாள். அவள் சொன்னதை ஏற்றுக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. இருபது ஆண்டுகள் ஏற்றுக்கொண்டேன்.

அவள் இறந்த பிறகு இறப்புப் பதிவுக்கான படிவத்தை என் மகன் நிரப்பிக் கொடுத்திருந்தான். அதன் நகல் மேசைமேல் கிடந்தது. தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதியிருந்தான். அவன் மேல் தவறில்லை. அவன் பார்த்தது அதைத்தான். மறுநாள் காலை நான் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அது மாடியில் இருந்தது. பதினோராம் படியில் அது வந்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன். மேலும் கீழும் போனவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் தண்ணீர் வேண்டுமா ஐயா என்று கேட்டாள். இளகியதும் மீதிப் படிகளை ஏறினேன்.

மேசையில் இருந்தவர் ஓர் இளம்பெண். தொழிலை மாற்ற வேண்டும் என்றேன்.

"அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு சார். என்ன தொழில் போடணும்?"

"விவசாயம்."

"நிலம் அவங்க பேர்ல இருக்குங்களா?"

"இல்லை. என் பேரில் இருக்கிறது."

"அப்ப உங்களுக்குல்ல சார் அதைப் போடணும்?" அவர் கேலியாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது.

எழுதித் தருகிறேன் என்று ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். நாற்பது ஆண்டு காலம் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். அந்த நான்கு வரிகளுக்கு அரைமணி நேரம் ஆனது. எங்கள் தந்தையார் இறந்த ஆண்டு முதல் முப்பது ஆண்டுகள் மேற்படி பத்து மா நிலத்தை உழுது பயிரிட்டவர் என் அக்கா. பதிவேடுகளில் என் பெயர் இருப்பினும் அந்நிலத்தில் நான் உழவில்லை. பிறர் காண நான் ஓட்டிய சில சுற்றுகளும் அவர் சொல்லி ஓட்டியவை. இது உண்மை. கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பெண் இருமுறை படித்தார். "இப்படி எழுதிக் கொடுத்தா பின்னாடி நிலத்துல உங்களுக்கு ஏதும் சிக்கல் வராதா சார்?"

வந்தால் வரட்டும் என்றேன்.

அவர் தாளைப் படிவத்துடன் சேர்த்துக் குத்திவிட்டு, கணினியில் ஏதோ தட்டினார். பிறகு திரையை என் பக்கம் திருப்பி, எல்லாம் சரியாக இருக்கிறதா, பெயரையும் பார்த்துக்கொள்ளும்படி சொன்னார். அக்காவின் பெயரும் அந்தச் சொல்லும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. சரி என்றேன்.